மூணு கடை மாத்திரை

துரைசாமிக்கு ஒரே கடையை நம்பிப் பழக்கமில்லை. மீன்கூட இரண்டு இடத்தில்தான் வாங்குவார். மனைவி ரத்தினம்மாவுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தபோதும் அப்படித்தான். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மாத்திரை, உட்லண்ட்ஸ் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் ஒன்று, எல்லை தாண்டி ஜோகூர் போனவனிடம் சொல்லி இன்னொன்று. ஒன்று ஏமாற்றினாலும் மற்றது கேட்கட்டும் என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். காய்ச்சல் விட்டது, வாந்தி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

டாக்டர் மேனுகா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈரலைக் காப்பாற்ற இப்போதே ட்ரிப் ஏற்ற வேண்டும் என்றார்.

கட்டிலில் ரத்தினம்மா சம்மணம் போட்டிருந்தாள். "வாந்திதான் நின்னுருச்சே. எனக்கு ஒண்ணுமில்ல லா. வாங்க, போலாம்."

"அதானே! நல்லா இருக்கிறவளுக்கு எதுக்கு ட்ரிப்பு?" என்றார் துரைசாமி.

"அங்கிள், உடம்பு மாத்திரையக் கரைச்சு வெளிய தள்ளுறப்ப நடுவுல ஒண்ணு பொறக்குது. மாத்திரையும் இல்ல, கழிவும் இல்ல. நிமிஷம்கூடத் தங்காது, பக்கத்துல கெடச்சதப் போய்க் கடிக்கும். அதப் பிடிக்க ஈரல்ல காவல் இருக்கு. மாத்திரை கூடிட்டா காவல் தீந்துடும். அப்புறம் ஈரலையே கடிக்கும்."

"நீ பாத்தியாம்மா அத?"

"பாக்க முடியாது. அது கடிச்ச தடம்தான் ரத்தத்துல தெரியுது."

பார்க்க முடியாததைச் சொல்லி மிரட்டுகிற சோசியக்காரர்களை அவர் நிறையக் கண்டிருக்கிறார். ஆனால் ஒருவனும் ரத்தம் கேட்டதில்லை.

"வந்தப்ப ஒரு மாத்திரைதான் குடுத்தேன்னு சொன்னீங்க. அதுக்கு ரத்தம் இப்படி வராது. வேற என்ன குடுத்தீங்க அங்கிள்?"

சட்டைப் பையில் மூன்று அட்டைகள் இருந்தன. மருந்து வேலை செய்யாவிட்டால் கடைக்காரன் மூஞ்சியில் எறிய வைத்திருந்தவை. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டார்.

டாக்டர் திருப்பிப் பார்த்தார். "மூணும் ஒரே மருந்து அங்கிள். பேர்தான் வேற."

துரைசாமி மனைவி பக்கம் திரும்பினார்.

"கைய நீட்டுடி."

"இப்பதான் வேணாம்னீங்க?"

"நீட்டுன்னா நீட்டு!"

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"வேகமா விட முடியாதா?" என்று நர்ஸ் பவித்ராவைக் கேட்டார்.

"மெதுவாத்தான் போகணும் அங்கிள்."

"ஈரல் தப்பிச்சிடுமா?"

"நாளைக்கு ரத்தம் பாத்தாதான் சொல்ல முடியும்."

துரைசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவி முகத்தருகே குனிந்தார்.

"ஏன் என் மூஞ்சியவே பாக்குறீங்க?" என்றாள் ரத்தினம்மா.

"பேசாத. கண்ணத் தொற."

மஞ்சளா, வெள்ளையா? ஒரு நேரம் இப்படி, ஒரு நேரம் அப்படித் தெரிந்தது. தன் கண்ணையும் அவரால் நம்ப முடியவில்லை.

"டாக்டரம்மா," என்று கூப்பிட்டார், "நீங்க கொஞ்சம் வந்து பாருங்க."