ஆளுநரின் கூந்தல்

நிகழ்ச்சி நிரலில் பதினான்கு உருப்படிகள் இருந்தன. பன்னிரண்டாவது இப்படி இருந்தது: கதை வாசிப்பு (நேரமிருப்பின்) – மிருணாளினி.

அடைப்புக்குறிக்குள் கிடந்த சொல்லை மிருணாளினி இரண்டு தரம் வாசித்தாள். தென்துருவத் தமிழ் இலக்கிய வட்டத்தின் பதினெட்டு வருட வரலாற்றில் நேரம் இருந்ததாக ஒரு பதிவும் இல்லை.

அன்று வெளியிடப்படுவது அவள் மொழிபெயர்த்த புத்தகம். மூலத்தை எழுதிய மரிவிக் பிலிப்பைன்ஸ்காரர். வெஸ்ட்மீட்டில் மிருணாளினி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் தாதி. அந்த நாட்டுச் சர்வாதிகாரி குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் பறந்தபோது மரிவிக்குக்குப் பதினேழு வயது.

"சிறையைப் பற்றி எங்கள் பெரிய எழுத்தாளர்கள் எழுதிவிட்டார்கள். நன்றாகவே எழுதினார்கள்," என்று தேநீர் இடைவேளைகளில் அவர் ஆங்கிலத்தில் சொல்வார். "அதற்குப் பிறகு நடந்த வெட்கக்கேடுதான் எனக்கு மிஞ்சியது. திங்கட்கிழமை சர்வாதிகாரியின் கையை முத்தமிட வரிசையில் நின்றவர்கள், வியாழக்கிழமை பார்த்தால் பிறவி எதிர்ப்பாளர்கள்."

விழாவுக்கு அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்திருந்தார். பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு கதையைத் தமிழில் முழுதாக வாசிக்க வேண்டும். தமிழ் தெரியாவிட்டாலும் சிரிப்பு எந்த மொழியிலும் விளங்கும் என்று, தன் ஆங்கிலப் பிரதியில் ஒன்பது இடங்களில் பென்சிலால் சிலுவை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஒன்பது இடத்திலும் சபை சிரித்தால் என் நாவலையும் நீயே மொழிபெயர். சிரிக்காவிட்டால் நாம் தொடர்ந்து சிநேகிதிகளாக இருப்போம்."

டூங்கபி மண்டபம் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை அவர்களுடையது. ஆறு மணிக்குச் சும்பா நடன உடற்பயிற்சி வகுப்பு.

வாசலிலேயே வட்டத்தின் தலைவர் கவிச்சுடர் கதிர்காமநாதன் மிருணாளினியை ஓரமாகக் கூப்பிட்டார். ரயில் திணைக்களத்தில் நேர அட்டவணைப் பகுதியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேச்சுகள் புறப்படும் நேரம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"பிள்ளை, அவ எத்தனை வருசம் உள்ளுக்கு இருந்தவா?"

"இருக்கேல்லை அங்கிள். அப்ப அவ பள்ளிக்கூடம். ஆளுநற்ற பிறந்தநாளுக்கு டான்ஸ் ஆடினவாவாம்."

கதிர்காமநாதனின் முகம் வாடியது. "தலைமறைவா?"

"அதுவும் இல்லை."

"ஒரு அடி, ஒரு உதை?"

"இல்லை அங்கிள்."

"சரி, கவலைப்படாதையும். நான் பேச்சில சமாளிக்கிறன்."

புத்தகத்துக்கு நான்கு பக்க அணிந்துரை தந்தவர் அவர். அதில் மூன்று பக்கம் பொருளடக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டது. நான்காவது பக்கம் அவரைப் பற்றியது.

ஆனால் அவருடைய உண்மையான புகழ் வாழ்த்துப்பாவில் இருந்தது. வட்டத்தின் மேடையேறிய எந்தப் பிரமுகரும் கண்ணாடிச் சட்டம் போட்ட பதினாறு வரிப் பாட்டு ஒன்று வாங்காமல் இறங்கியது கிடையாது. பெயர் மாறும்; பாட்டு மாறாது. போன பொங்கல் விழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். தலையில் ஒரு மயிர் இல்லை. அவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, "கருமுகில் கூந்தல் காற்றினில் ஆட" என்று கதிர்காமநாதன் இராகம் போட்டுப் பாடினார். உறுப்பினர் மகிழ்ச்சியோடு சட்டத்தை வாங்கிக்கொண்டார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு திருமணமோ அரங்கேற்றமோ நடந்திருந்தது. எல்லோர் வீட்டுச் சுவரிலும் அந்தக் கூந்தல் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் மேடை மேசையில் பரிசுத்தாள் சுற்றிய சட்டம் ஒன்று இருந்தது. பதின்மூன்றாவது உருப்படி.

விழா மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. விளக்கேற்றினார்கள். பிறகு வரவேற்புரை. பிலிப்பைன்ஸைப் பற்றிப் பேச்சாளர்களுக்குப் பொதுவாகத் தெரிந்தது சர்வாதிகாரியின் மனைவி அரண்மனையில் விட்டுப்போன சப்பாத்துகள் மட்டுமே என்பது அதிலேயே வெளிச்சமாயிற்று. வரவேற்புரையில் அவை இருநூறு சோடியாக இருந்தன. தலைமையுரையில் ஆயிரம். ஆய்வுரையில் ஐயாயிரத்தைத் தொட்டன. வாழ்த்துரைக்கு வந்தவர் எண்ணிக்கையில் இனி முன்னேற இடமில்லை என்று கண்டு, நிறங்களுக்குப் போனார்.

"கடைசியில எங்களுக்கும் ஒரு சோடி தருவினமோ?" என்று மூன்றாம் வரிசையில் சிவனேஸ்வரி அன்ரி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

மரிவிக் மேடையில் மடியில் கதையை விரித்து, கையில் பென்சிலோடு இருந்தார். "இதுவா கதை?" என்று ஒவ்வொரு பேச்சாளர் எழும்பும்போதும் கேட்டார். "இன்னும் இல்லை," என்று பக்கத்தில் இருந்த மிருணாளினி ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

ஐந்து நாற்பதுக்குச் செயலாளர் அருந்தவன் குனிந்தபடி மேடைக்கு வந்தார். "கவிஞர் அண்ணை, சும்பாக்காரர் வெளியில வந்திட்டினம். கதையை விட்டிட்டு நேரா வாழ்த்துப்பாவுக்குப் போவம். கதை புத்தகத்தில இருக்குத்தானே, சனம் வாங்கி வாசிக்கும்."

சனம் வாங்கும். வாசிக்காது. இது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மிருணாளினி கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். வாசிக்கத் தெரிவுசெய்திருந்த கதையின் பெயர் 'ஆளுநரின் கூந்தல்'. டூங்கபி என்று ஓர் ஊர் பூமியில் இருப்பதையே அறியாத காலத்தில் மரிவிக் எழுதியது. அதை மொழிபெயர்க்கும்போது மிருணாளினி நான்கு முறை கணினியை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தானே வாசிப்பதென்றால், கதிர்காமநாதன் பேசாமல் இருக்கும் ஒரு நேரம் வேண்டும். அப்படியொரு நேரம் வரப்போவதில்லை. அவருக்கு வயது எழுபத்திரண்டு, கெட்டவரும் இல்லை. அவளுடைய அம்மாவின் செத்தவீட்டுக்கு மூன்று பஸ் மாறி வந்தவர்.

அவள் மரிவிக்கின் பென்சிலைப் பார்த்தாள்.

"அங்கிள், நான் வாசிச்சா எடுபடாது," என்றாள். "இதுக்கு உங்கட குரல் வேணும்."

கதிர்காமநாதன் அருந்தவனைப் பார்த்தார். "என்ன அருந்தவன், பிள்ளை ஆசைப்படுது."

"நேரம், அண்ணை..."

"ரயில்வேயில முப்பது வருசம் இருந்தனான். நேரத்தைப் பற்றி எனக்குப் படிப்பியாதையும்."

அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

கதையில் ஒரு தீவு, அதில் ஓர் ஆளுநர். அலையலையாய்க் கூந்தல் உள்ளவர். ஊர்க் கவிஞர் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தக் கூந்தலைப் பாடுகிறார். ஒரு பெப்ரவரியில் தலைநகரில் 'மக்கள் சக்தி' என்று சனம் தெருவில் இறங்க, சர்வாதிகாரி பறந்துவிடுகிறார். ஆளுநரும் கிடைத்த படகில் ஏறிவிடுகிறார். கவிஞர் மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. நான்காம் நாள், தலைமறைவு வாழ்க்கையிலிருந்து திரும்பியவராக வெளியே வருகிறார்.

"எங்கே தலைமறைவாக இருந்தீர்கள் என்று ஊரார் கேட்டார்கள்," என்று கதிர்காமநாதன் வாசித்தார். "வீட்டில்தான், ஆனால் பின் அறையில், என்றார் கவிஞர்."

சபை சிரித்தது. மரிவிக் ஒரு சிலுவையைச் சுற்றி வட்டமிட்டார்.

கதிர்காமநாதன் நிமிர்ந்தார். பதினெட்டு வருடத்தில் அவர் கைதட்டு வாங்கியிருக்கிறார், கொட்டாவி வாங்கியிருக்கிறார். சிரிப்பு வாங்கியதில்லை. அவர் கையை வீசத் தொடங்கினார். இரண்டு, மூன்று, நான்கு. பென்சில் ஓடியது.

புதிய ஆளுநர் வந்தார். வரவேற்பு விழா. கவிஞர் மேடையேறி, பழைய தாளை விரித்தார். பெயர் மட்டும் வெட்டித் திருத்தப்பட்டிருந்தது.

மூன்றாம் வரிசையில் சிவனேஸ்வரி அன்ரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

"புதிய ஆளுநர் தொப்பியைக் கழற்றினார்," என்று கதிர்காமநாதன் முழங்கினார். "அவருடைய தலை, கழுவிக் கவிழ்த்த பீங்கான் கோப்பை போல..."

அங்கே நின்றுவிட்டார்.

அடுத்த வரி அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மிருணாளினி தன் சேலைத் தலைப்பைப் பார்த்தாள். கதிர்காமநாதன் மெல்ல மேசைக்குத் திரும்பி, போத்தலைத் திறந்து, தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகினார். தாளைத் தூக்கினார்.

"கவிஞர் வாசிப்பை நிறுத்தி," என்று வாசித்தார், "தண்ணீர் குடித்தார்."

சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. சிவனேஸ்வரி அன்ரி கதிரையிலிருந்து வழுக்கினார். வாசலில் நின்ற சும்பாப் பெண்கள் விளங்காமலே சிரித்தார்கள். மரிவிக் தன் பிரதியை மேலும் கீழும் புரட்டினார். அந்த வரியில் அவர் சிலுவை போட்டிருக்கவில்லை.

கதிர்காமநாதன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். காத்திருப்பது எப்படி என்று அன்றுதான் கற்றவர்போல, கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தார். பிறகு, மொட்டைத் தலையில் கூந்தல் ஏது என்று ஊரார் கேட்க, கவிஞர் சொல்லும் பதிலுக்கு வந்தார். அதை எந்த இராகமும் இல்லாமல், தாழ்ந்த குரலில், பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வதுபோல வாசித்தார்.

"'கூந்தல் என்பது குறியீடு. அது மக்கள் சக்தி.'"

ஒன்பதாவது சிலுவையைச் சுற்றியும் வட்டம் விழுந்தது.

ஆறு அடிக்க மூன்று நிமிடம் இருந்தது. அருந்தவன் பரிசுத்தாள் சுற்றிய சட்டத்தோடு ஓடிவந்தார். "அடுத்து, கவிச்சுடர் அவர்களின் வாழ்த்துப்பா..."

கதிர்காமநாதன் அதை வாங்கி, எழுதிய பக்கம் கீழே இருக்குமாறு மேசையில் கவிழ்த்தார்.

"நேரம் இல்லை," என்றார். "நன்றியுரையைச் சொல்லும்."

அருந்தவன் அந்தச் சொற்களைத் தலைவரின் வாயால் கேட்டதில்லை. நன்றியுரையையே மறந்து, தேசிய கீதத்துக்கு எழும்பச் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் கதிர்காமநாதன் மிருணாளினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கக்கத்தில் இடுக்கிய சட்டம்.

"பிள்ளை, அந்தக் கவிஞன்..."

"ஓம் அங்கிள்."

"கிரான்பர்னில இருக்கிறாரே, மெல்பேர்ன் கவிஞர், அவரைத்தானே நக்கலடிச்சு வைச்சு வாங்கியிருக்கு?"

மிருணாளினி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"இருக்கலாம் அங்கிள்."

"நல்லாத்தான் வாங்கியிருக்கு." சட்டத்தைக் காரின் பின்பெட்டிக்குள் தள்ளி, மேலே ஒரு பழைய போர்வையை இழுத்துவிட்டார். "அடுத்த புத்தகத்திலயும் இப்பிடி இருந்தா, வாசிக்கிறதுக்கு என்னைச் சொல்லும். முதலே சொல்லும், என்ன? ஒருக்கா வீட்டில பார்த்திட்டு வரவேணும்."

அவர் போனதும் மரிவிக் பிரதியை நீட்டினார். ஒன்பது சிலுவைகளையும் சுற்றி வட்டம். தண்ணீர் குடிக்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி.

"நாவல் உனக்குத்தான்," என்றார். "ஆனால் இங்கே என்ன நடந்தது? இது வெறும் தண்ணீர். நான் இதைப் பகிடியாக எழுதவில்லையே."

மிருணாளினி காரின் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்கள், வழியில் சொல்கிறேன்," என்றாள். "போன பொங்கலிலிருந்து தொடங்க வேண்டும்."