லைல் பூஷாரின் பூட்ஸ் கயிறு

1
சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: மனிதகுலம் இதுவரை கண்டிராத மாபெரும் துணிச்சலின் கதை இங்கே தொடங்குகிறது.

(பூட்ஸ் கயிறு கட்டுவதைப் பற்றியது. அமெரிக்காவின் வெர்மாண்டில் ஒரு பனிச்சறுக்கு மலையடிவார உணவகத்தில் பதினெட்டுக் குளிர்காலம் சூப் ஊற்றியவன் நான். சூப் வரிசையில் நின்றபடி லைலின் மனைவி கோரின் ஒருநாள் சொன்னதுதான் இது. யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னாள்.)

2
பனிச்சிகரத்தின் மேல் ஒரு கழுகைப் போல லைல் பூஷார்—

வேண்டாம். கழுகுக்குத் தொப்பை கிடையாது.

லைலுக்கு வயது ஐம்பத்தாறு. பனிப்பலகைச் சறுக்கு சொல்லித் தருபவர். அன்று வேலையில் நீடிக்க அவருக்கு மறுதேர்வு. தோற்றால் மலையில் வேலை இல்லை. கீழே வாடகை பூட்ஸ் எடுத்துக் கொடுக்கலாம்.

மாணவர்களிடம் அவர் ஓயாமல் சொல்வது இதைத்தான்: கீழே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒரு சறுக்கு முடிந்ததும் பூட்ஸின் உள்ளுறை சூடேறி அமுங்கும், கயிறு தளரும். மேலே போனதும் உட்கார்ந்து மறுபடி கட்டு. உள்ளே குதிகால் எழும்பினால் பலகை பேச்சைக் கேட்காது.

அவர் மட்டும் உட்காருவதில்லை. பெரிய அனுபவசாலி என்று ஊர் நினைத்தது. உண்மையில் மூன்று வருடமாக அவரால் குனிந்து கயிற்றை இழுக்க முடியவில்லை. தினமும் காரில் வைத்துக் கட்டிவிடுவது மனைவி கோரின்.

3
[இங்கே லைலின் தொப்பையைக் கேலி செய்து நீளமாக ஒரு பத்தி இருந்தது. நடுவில் என் பேனா மேசைக்கடியில் விழுந்தது. எடுத்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. பத்தியை நீக்கிவிட்டேன்.]

4
தேர்வு இரண்டாவது சறுக்கில். கம்பியில் தொங்கி மலையேறும் நாற்காலியிலிருந்து உச்சியில் இறங்கும்போதே வலது குதிகால் எழும்புவது லைலுக்குத் தெரிந்தது. பத்தடி தள்ளித் தேர்வாளர் திருமதி ஹாஸ்கெல், கையில் மதிப்பெண் அட்டையோடு. நாற்காலிகளை நிறுத்தி இறக்கிவிடும் வேலையில் இருந்தவள் கோரின்.

"வலது காலு ஆடுது. வா, கட்டி விடறேன்."

"மெதுவா பேசு. அந்தம்மா பாக்குது."

"பாக்கட்டும். நீ விழறதையும் அதுதான் பாக்கப் போவுது."

"முப்பது வருஷமா வாத்தியாரு நான். எல்லார் முன்னாடியும் பொண்டாட்டிகிட்ட காலை நீட்டிக்கிட்டு உக்காரவா?"

"அப்போ கார்ல தெனமும் நீட்டறது யாரு காலு?"

5
ஒரு முடிவு: லைல் கௌரவத்தோடு கிளம்பி, மூன்றாவது வளைவில் கௌரவத்தோடு விழுகிறார்.

இன்னொன்று: உச்சியில் கிடக்கும் பெஞ்சில் உட்காருகிறார். கோரின் பனியில் மண்டியிடுகிறாள். ஹாஸ்கெல் அட்டையில் என்னவோ எழுதுகிறார்.

மூன்றாவது: அன்பு என்பது மலைகளை விட— (அடித்துவிட்டேன்.)

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. கோரினுக்காக அந்த ரகசியத்தையாவது காப்பாற்றுகிறேன். உட்கார வைப்பதும் விழ வைப்பதும் உங்கள் பாடு. தீர்மானிக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லைல் மேலே வருவதற்குக் கால்மணி நேரம் முன்பு, அதே பெஞ்சில் உட்கார்ந்து கோரினிடம் காலை நீட்டியவர் திருமதி ஹாஸ்கெல். யாரிடமும் சொல்லாதே என்றுதான் அவரும் கேட்டுக்கொண்டார்.

அவராலும் குனிய முடியாது.