ஒரு விரற்கடை

பதினான்காம் நாள் அவள் கதிர்வீச்சு அறையிலிருந்து சிரித்த முகத்தோடு வெளியே வந்ததைப் பார்த்து நாத்தனார் எழுந்து வந்தாள்.

"என்ன அண்ணி, உள்ள கதிர் வைக்கிறாங்களா, கல்யாணம் பேசுறாங்களா? போன வாரம் வரைக்கும் கசாப்புக்கடை ஆடு மாதிரி வந்தீங்க."

"போடி."

தொண்டையில் தொடங்கிய புற்று கழுத்தின் நெறிகளுக்குப் பரவிவிட்டது. முப்பத்து மூன்று நாள் கதிர். தலை அசையக் கூடாதென்று, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை நெற்றி முதல் தோள்வரை அழுத்தி அச்செடுத்திருந்தார்கள். தினமும் அதை முகத்தில் கவிழ்த்து மேசையோடு கிளிப் போடுவார்கள். இமை வலையில் உரசும். எச்சில் விழுங்கினால் தொண்டை முட்டும். பிறகு எல்லோரும் வெளியேற, கனத்த கதவு மூடிக்கொள்ளும். உயிரோடு பெட்டியில் வைத்து ஆணியடித்தது போலிருக்கும்.

அந்த வலை தளர்ந்திருப்பதைச் செவ்வாய்க்கிழமைதான் உணர்ந்தாள். சாப்பாடு இறங்காமல் முகம் வற்றியிருந்தது. முகவாயை ஒரு விரற்கடை திருப்ப முடிந்தது. அந்த இடத்துக்குள் ஒரு குடித்தனமே நடத்தலாம் போலிருந்தது அவளுக்கு.

"மெலிஞ்சு லூசானா சொல்லிடுங்கக்கா, புதுசா எடுத்துடலாம்" என்று டெக்னீஷியன் முதல் நாளே சொல்லியிருந்தான். மறுபடி அந்தச் சூட்டு வலையா? அவன் கிளிப் போடும்போது கன்னத்தை உப்பிக்கொண்டாள். அளவெடுக்கையில் வயிற்றை எக்கிக்கொள்ளும் பெண்களை முப்பது வருடமாகப் பார்த்த தையல்காரி. டேப்பை ஏமாற்றலாம், ஜாக்கெட்டை ஏமாற்ற முடியாது என்று அவர்களைக் கேலி செய்தவளும் அவள்தான்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் சொன்னாள். "டாக்டர்கிட்ட கேட்டேன் அண்ணி. அந்த நெறி மொச்சைக்கொட்டை அளவுதானாம். ஆனா தண்டுவடம் பக்கத்துலயாம். நூல் பிசகக் கூடாதாம். அதான் அப்படிக் கட்டிப் போடுறாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, சிவப்பு ஒளிக்கோடு வலையில் வரைந்திருந்த கூட்டல் குறிமேல் அச்சாக விழுந்தது. "சரியா இருக்குக்கா" என்று டெக்னீஷியன் வெளியே போனான். கதவு மூடியது.

வலையில் சரியாக இருக்கிறது. வலைக்குள் தன் கழுத்து எங்கே இருக்கிறதென்று அந்தக் கோட்டுக்கு எப்படித் தெரியும்? தொளதொள ஜாக்கெட்டில் டக் மடிப்பு எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியாதா? வாராவாரம் திங்கட்கிழமை எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் எப்படியும் தெரிந்துவிடும். அதுவரை இன்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இருந்துவிடலாம். முகவாயை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது. அந்த மொச்சைக்கொட்டையும் கூடவே நகர்ந்திருக்கும்.

கையைத் தூக்கினாள்.

கேமராவில் பார்த்துவிட்டு டெக்னீஷியன் ஓடிவந்தான். "என்னக்கா, மூச்சு முட்டுதா?"

"இல்ல தம்பி. லூசா இருக்கு."

கிளிப்பைக் கழற்றி, வலைக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். விரல் தாராளமாகப் போனது. "எத்தன நாளா?"

"செவ்வாய்க்கிழமைலேருந்து."

அவன் திட்டியிருந்தால் தேவலை.

"அந்த மூணு நாள் வெச்சது எங்க பட்டிருக்கும், தம்பி?"

"டாக்டர் பாத்துட்டுச் சொல்வாருக்கா. இப்ப புதுசு எடுத்துடலாம். கண்ணை மூடிக்கோங்க."

ஈரச் சூடு நெற்றியில் இறங்கி, மூக்கின்மேல் படிந்து, கன்னக்குழிகளுக்குள் வழிந்தது. நாலு கைகள் அதை அழுத்தின. முகவாய்க்குக் கீழே மீதமிருந்த காற்றும் வெளியேறியது.

"ஆறுறவரைக்கும் அசையாதீங்க. பதினஞ்சு நிமிஷம்."

சரி என்று தலையாட்டப் போனாள். முடியவில்லை.