கழலாத வளையல்

என் அக்காவின் வலது கையில் ஒரு தங்க வளையல் இருந்தது. ஒற்றை வளையல், ஐந்து பவுன். தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சம்பளத்தில் வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு கை பெருத்துவிட்டது, வளையல் கழலவே கழலாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நான் வங்கிக்காரன். டெபாசிட் பிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அந்த வளையலைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது.

"பேங்க்ல போட்டிருந்தா வட்டி குட்டி போட்டிருக்கும்க்கா. கையில போட்டு என்னத்தக் கண்ட?"

"உன் பேங்க்ல போட்டா ஒரு கையெழுத்துல எடுத்துடலாமேடா" என்பாள். அதைக் குறையாகச் சொல்கிறாள் என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

எடுக்கக்கூடியவர் மாமா, அவள் கணவர். ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. அவரும் தங்கமான மனுஷன்தான், ஆனால் யார் தோளில் கை போட்டு 'பார்ட்னர்' என்றாலும் உருகிவிடுவார். தண்ணீர் கேன் வியாபாரம், கலர் மீன் வளர்ப்பு, பழைய போன் கடை. கேன்கள் ஓட்டை, மீன்கள் செத்தன, போன் கடைக்காரன் கம்பி நீட்டினான். வீட்டில் அவருக்குப் பெயரே பார்ட்னர் என்றாகிவிட்டது.

கைக்காசு கரைந்த பிறகு, புதுப் பார்ட்னர் வரும் ஒவ்வொரு தடவையும் வளையலுக்கு அடி போடுவார். அக்கா மறுத்ததே கிடையாது. "எடுத்துக்கங்க, நானா வேண்டாங்கறேன்?" என்று பாத்திரம் கழுவும் தொட்டிமேல் கையை நீட்டுவாள். மாமா சோப்பைக் குழைத்துப் பூசி இழுப்பார். ஒருமுறை நானும் சேர்ந்து இழுத்தேன். அவள் கை சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மாமாவுக்கு மனசு கேட்காது.

"வெட்டி எடுத்துடலாமா?"

"கட்டரைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வருதுங்க."

அதோடு பேச்சு முடியும். புதுப் பார்ட்னர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவான்.

பிறகு காலம் கெட்டது. எங்கேயோ சண்டை, எங்கேயோ கப்பல்கள் நின்றன, இங்கே காகித விலை எகிறியது. எங்கள் வங்கி வட்டியைக் குறைத்தது. வட்டியை நம்பச் சொன்ன எனக்கே வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தங்கம் மட்டும் திரும்பிப் பார்க்காமல் ஏறியது. அக்கா வளையல் வாங்கிய விலையைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

அச்சகத்தை மூடினார்கள். முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, வெட்டும் மெஷினை நீயே எடுத்துக்கொள், வெளியாள் கொடுக்கும் விலையில் பாதி போதும், ஆனால் இந்த வாரமே பணம் வேண்டும் என்றார். அது இருந்தால் மற்ற அச்சகங்களுக்கு வெட்டிக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த வயதில் அவருக்கு யார் வேலை தருவார்கள்? என் வங்கியில் கடன் கேட்டுப் பார்த்தேன். வேலை போனவருக்குக் கடனா என்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

மாமா வளையலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்காதான் ஆரம்பித்தாள்.

"கிளம்புங்க, நகைக்கடைக்குப் போலாம்."

"வேண்டாம்மா. வெட்டணும். உனக்கு மயக்கம் வரும்."

"வந்தா பாத்துக்கலாம். டேய், நீயும் வா."

நகைக்கடைக்காரர் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டரைக் கையில் எடுத்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருங்கண்ணே" என்றாள் அக்கா. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். கையைக் குவித்து லேசாக ஒரு திருகு திருகினாள். வளையல் வழுக்கி வந்து தராசுத் தட்டில் உட்கார்ந்தது. சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை.

மாமா வளையலைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.

"அப்போ அன்னைக்கெல்லாம் வலிக்குதுன்னு அழுதியே?"

"விரலை மடக்காம இழுத்தா வலிக்காதா? நெஜமாவே வலிச்சுது."

"இன்னைக்கு மட்டும் ஏன் மடக்குன?"

"அதெல்லாம் எவனோ சொன்ன தொழிலுங்க. இது உங்களுக்குத் தெரிஞ்ச தொழில்."

மாமா கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். மெஷினுக்குக் கொடுத்ததுபோகக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. எங்கள் வங்கியில் சுவர் முழுக்க லாக்கர் இருக்கிறது, ஆனால் இப்படி ஒரு பூட்டை நான் கண்டதில்லை. எனக்கு என் அக்காவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. தங்கம் நல்ல முதலீடா என்று இப்போது யாராவது கேட்டால், யார் கையில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன்.

மெஷின் ஒரு வாடகை ஷெட்டில் ஓட ஆரம்பித்தது. மறு வருஷமே மாமா எங்களை அதே நகைக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் அக்காவின் கைக்கு அளவு பார்த்து ஒரு வளையலை எடுத்துப் போட்டுக் காட்டினார். பழையதைவிட மெல்லியது, ஆனால் கச்சிதமாகப் பொருந்தியது.

மாமா அவள் கட்டை விரலை மடக்கச் சொன்னார். வளையல் கழன்று வந்தது.

"இது வேண்டாங்க. ஒரு சைஸ் சின்னதா எடுங்க."

"அப்புறம் கழட்ட முடியாதே சார்."

"அதுக்குத்தான் கேக்கறேன். காலையிலருந்து ஒருத்தன் பார்ட்னர் பார்ட்னர்னு போன் பண்ணிக்கிட்டே இருக்கான்."