தொட்டிக்குள் போன கை

என் கணவருக்கு இரண்டாம் தாரம் உண்டு. எழுநூறு லிட்டர் உப்புத் தண்ணீர், நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே நீல விளக்கு. மார்க்கத்தில் நான்கு வரை அனுமதி இருந்தும் ஒன்றோடு நிறுத்திக்கொண்ட உத்தமர் என்று என் அக்காமார் அவரைப் புகழ்வார்கள். மற்ற வீடுகளில் சக்களத்தி வந்தால் தனி வீடு பார்த்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஆண் விருந்தினரை உட்கார வைக்கும் திவானியாவின் நடுச்சுவரையே அவளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆகஸ்ட் மாதம் என் அறை ஏசி நின்றுபோனால் "நாளைக்குப் பாத்துக்கலாம், ஹிஸ்ஸா" என்பார். அவள் தண்ணீர் இருபத்தாறு டிகிரியிலிருந்து அரை டிகிரி ஏறினால் வீடே எழுந்து நிற்க வேண்டும்.

பவளத் தொட்டி. நகைக்கடையில் கோத்து விற்கும் பவளம் இல்லை. உயிரோடு இருக்கிற, தின்கிற, கோபித்துக்கொள்கிற பவளம். எங்கள் மகன் நாயிஃப் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன வருடம் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று வாங்கி வைத்தார். ஒன்பது வருடம் ஆயிற்று. நாயிஃப் படித்து முடித்து அங்கேயே குழந்தையும் பெற்றுவிட்டான். தொட்டி மட்டும் இன்னும் படித்து முடிக்கவில்லை.

அதற்காக எங்கள் வீட்டில் சில சட்டங்கள் உண்டு. பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. திவானியாவில் அத்தர் தெளிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூபம் போடக் கூடாது. தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி அறைக் காற்றை உறிஞ்சுகிறதாம். புகையும் சேர்ந்து உள்ளே போய்விடுமாம். குவைத்தில் தூபம் போடாத வீடு என்றால் எங்கள் வீடு ஒன்றுதான் இருக்கும். வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "உடம்பு ஏதும் சரியில்லையா, உம் நாயிஃப்?" என்று நாயிஃபின் அம்மாவான என்னைக் கேட்பார்கள்.

ஒரு பவளம் வாங்க என் கணவர் யாகூப் மூன்று வாரம் கடைக்கு நடப்பார். "நீல வெளிச்சத்துல எல்லாமே ராணி மாதிரிதான் தெரியும். வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டு," என்பார் கடைக்காரனிடம். நிறத்தைப் பார்க்க மாட்டார், அடியைப் பார்ப்பார். அடியில் சதை விலகி எலும்பு தெரிந்தால் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வந்தால் மருந்துத் தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு இரண்டு வாரம் தனித் தொட்டி. அதன்பின் பெரிய தொட்டியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, முதலில் தாழ்ந்த இடத்தில் வைத்து, வாரத்துக்கு ஒரு சாண் மேலே ஏற்றுவார். பக்கத்தில் இருப்பதை அது கொட்டிவிடும் என்பதால் அண்டை வீட்டோடு ஒரு சாண் இடைவெளி. அத்தனை பொறுமை!

அதே மனிதர் எங்கள் மகள் லுல்வாவைப் பெண் கேட்டு வந்தவர்களை இருபது நிமிடத்தில் தட்டிக் கழித்தார். முதலாமவன் கண்ணாடியை விரலால் தட்டினான். "நிதானம் இல்லாதவன்." இரண்டாமவன், "இதெல்லாம் பிளாஸ்டிக்கா?" என்று கேட்டான். அவன் பெயரை இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

மூன்றாவது மிஷாரி. வானிலை அலுவலகத்தில் வேலை. நாளை வெயில் அடிக்கும் என்று தினமும் தவறாமல் சொல்லும் உத்தியோகம். பல் வலி என்று லுல்வா பல் டாக்டராக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், பல் சரியான பிறகும் நான்கு முறை வந்தான்.

"யுமா, இவர்தான்," என்றாள் லுல்வா. "இவரையும் யுப்பா துரத்திட்டா, அதுக்கப்புறம் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாதீங்க. நான் பல் பிடுங்கியே காலத்தை ஓட்டிக்கறேன்."

அவளுக்கு இருபத்தொன்பது வயது. சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யார் வழியில் வந்தது என்று தொட்டியைக் கேட்டால்கூடச் சொல்லும்.

ஒரு மாதம் அவனுக்குப் பாடம் நடந்தது. "கண்ணாடியைத் தொடாதே. தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி நில்லு. கையைப் பின்னால கட்டிக்கோ. எதைக் காட்டினாலும் மாஷா அல்லா சொல்லு." மருத்துவப் படிப்புக்குக்கூட அவள் இத்தனை பாடுபட்டதில்லை.

பெண் கேட்க வந்த சனிக்கிழமை, தனித் தொட்டியில் இருந்த சுத்தியல் பவளத்துக்கு இரண்டு வாரம் முடிந்திருந்தது. கிளைகளின் நுனி சுத்தியல் தலை மாதிரி பச்சையாக ஆடும். அதைப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேறு நாளே இல்லையா?

"கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கேன். ஒரு மணி நேரம் சொட்டு விடணும். அதுக்குள்ள அவங்க கிளம்பிடுவாங்க," என்றார்.

கிளம்புவார்களா? "அகில் வந்தபின் அமர்வு இல்லை" என்பது எங்கள் ஊர் வழக்கு. விருந்தாளிக்குத் தூபக்காலைக் கொண்டுவந்து அகில் புகை காட்டினால்தான் எழுந்து போகலாம் என்று அர்த்தம். அதற்கு முன் எழுந்தால் மரியாதைக் குறைவு. வந்தவர்கள் மரியாதை தெரிந்த குடும்பம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்தார்கள். காபி வந்தது, குங்குமப்பூத் தேநீர் வந்தது, கேக் வந்தது, மறுபடி காபி வந்தது. தூபக்கால் மட்டும் வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். பையனின் அப்பா பூ மிஷாரி தன் முழங்கால் ஆபரேஷனை இரண்டு முறை சொன்னார். பொழுது சாய்ந்து மக்ரிபு தொழுகையையும் எங்கள் திவானியாவிலேயே முடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். வாளியில் பவளம் மூன்று மணி நேரமாகச் சொட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே நானும் லுல்வாவும் கதவோரம் நின்றோம்.

"யுமா, ஒரே ஒரு துண்டு அகில் போட்டா என்ன?"

"போடலாம். உங்க யுப்பா பவளத்தைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். நீ போய் அதுக்கு பல்லு பாரு."

ஒருவழியாக ஆண்கள் குரல் வாசல் பக்கம் போனது. யாகூப் மலர்ந்த முகத்தோடு உள்ளே வந்தார். ஒரு வாரத்தில் பதில் சொல்வதாகச் சொன்னாராம். அவர் மொழியில் அது கிட்டத்தட்டச் சம்மதம். லுல்வா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

மறுநாள் காலை திவானியாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவர் மாமனார் மௌத்துக்குக்கூடப் போட்டதில்லை.

பவளங்கள் அத்தனையும் சுருங்கிக் கிடந்தன. புதிய சுத்தியல் பவளம் கையை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாகிவிட்டது. நுரை எடுக்கும் கருவியில் நுரை இல்லை. தண்ணீரின் மேல் மெல்லிய வானவில் படலம். யாகூப் குனிந்து முகர்ந்தார்.

"அகில் எண்ணெய்!" என்றார். "யாரோ எண்ணெய்க் கையை உள்ள விட்டிருக்கான். அந்தப் பையன்தான். தொட்டிகிட்டயே நின்னான்."

"அவனேதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்ன நானா?"

உலகத்தில் யார் வேண்டுமானாலும் தவறு செய்யலாம், யாகூப் செய்ய மாட்டார் என்பது தூபச் சட்டத்துக்கும் முந்தைய சட்டம். அங்கேயே நின்று மிஷாரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"தம்பி, நேத்து தண்ணில கையை விட்டியா?"



"மாமா… பவளத்துக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என் தப்புதான், மாமா. மன்னிச்சிடுங்க. கரி வாங்கிட்டு வரட்டுமா? தண்ணில தொங்கவிட்டா எண்ணெயை இழுத்துக்குமாம்."

"ஒன்னும் வேண்டாம். எழுநூறு லிட்டர் தண்ணிய ஒழுங்காப் பாத்துக்கத் தெரியாதவனுக்கு நான் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டார்.

லுல்வா வாசலில் கைப்பையோடு நின்றிருந்தாள். அழவில்லை. "அவர் கையை விட்டிருக்கவே மாட்டார், யுமா," என்றாள். "விட்டேன்னு ஏன் சொன்னார்னும் தெரியல. எனக்கு எட்டரைக்கு ஒரு கடைவாய்ப் பல் இருக்கு. வரேன்." கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

அப்போதுதான் கேமரா ஞாபகம் வந்தது. யாகூப் மக்காவுக்கு உம்ரா போன வருடம், பவளங்களைப் பிரிந்திருக்க முடியாமல் தொட்டிக்கு எதிரே ஒரு கேமரா வைத்துவிட்டுப் போனார். அவருக்கு வேலையாக இருந்தால் நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என் போனிலும் போட்டுக் கொடுத்தார். கட்டிய மனைவியைப் பார்க்க அவர் கேமரா வைத்ததில்லை. அந்த வருத்தத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை. சமையலறையில் போய் நின்று நேற்றைய பதிவைத் திறந்தேன்.

தூபம் வராது என்பது பூ மிஷாரிக்கு ஒருவழியாகப் புரிந்திருக்கிறது. மனிதர் தன் சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுக்கிறார்.

"பூ நாயிஃப், கையைக் கொடுங்க. கம்போடியா அகில். எங்க அப்பா காலத்துச் சரக்கு."

விருந்தாளி நீட்டும் அத்தரை மறுக்க முடியுமா? யாகூப் இரண்டு கைகளிலும் வாங்கித் தேய்த்து, தாடியிலும் தடவிக்கொள்கிறார். எல்லாரும் நிம்மதியாக எழுந்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் சொட்டு வாங்கிய பவளம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வருகிறது.

"ஒரு நிமிஷம், இதைப் பாத்துட்டுப் போங்க!"

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டுகிறார்.

"மாமா, கையில அகில் இருக்கே," என்கிறான் மிஷாரி. "கழுவிட்டு…"

"தம்பி, ஒன்பது வருஷமா இதுங்க பாக்கிற கை இது. நீ தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். ஒரு முழம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மாஷா அல்லா," என்றான். என் மகள் நல்ல வாத்தியார்தான்.

திவானியாவுக்குப் போனேன். யாகூப் தொட்டிக்கு முன் தரையில் உட்கார்ந்து, வீட்டில் இருந்த கரியை வலைப்பையில் கட்டிக்கொண்டிருந்தார். போனை அவர் மடியில் வைத்தேன். ஒரு முறை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டாம் முறை வேறு யாராவது கையை விடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

"இது… என் கைதானா?"

"மோதிரத்தைப் பாருங்க. நான் வாங்கிக் கொடுத்தது."

விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிப் பார்த்தார்.

"அப்போ அவன் ஏன் தன் தப்புன்னான்? பொய் சொல்லியிருக்கான், ஹிஸ்ஸா. பொய் சொல்றவனுக்கா பொண்ணு கொடுக்கிறது?"

"நேத்து உண்மையைச் சொன்னான், தள்ளி நில்லுன்னீங்க. இன்னிக்குப் பொய் சொன்னான், போனை வெச்சீங்க. மூணாவதா என்ன சொல்லணும்னு எழுதிக் கொடுங்க, மனப்பாடம் பண்ணிட்டு வரட்டும்."

"நீ கிண்டல் பண்ணாதே."

"கடையில என்ன சொல்வீங்க? நீல வெளிச்சத்தை நம்பாதே, வெள்ளை விளக்கைப் போட்டு அடியைப் பாருன்னு. போட்டாச்சு. அடியைப் பாருங்க. உங்க மானம் போகக் கூடாதுன்னு தன் கல்யாணத்தையே விட்டுக் கொடுத்திருக்கான்."

அவர் கரிப்பையை இறுக்கி முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். மறுபடி போட்டார்.

"லுல்வா கல்யாணம் ஆகிப் போயிட்டா…" என்றார் தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "சாயங்காலம் அவதானே இதுங்களுக்குத் தீனி கொடுப்பா. ஒவ்வொரு வாய்க்கும் ஊட்டிவிடுவா."

முதலாமவன் தட்டிய கண்ணாடியும் இரண்டாமவனின் பிளாஸ்டிக்கும் அப்போதுதான் எனக்கு விளங்கின. முப்பத்தைந்து வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்தும், நான்கூட அவரை நீல வெளிச்சத்தில்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்டல் செய்ய எனக்கும் ஒரு நிமிடம் முடியவில்லை. ஒரு நிமிடம்தான்.

"அவ போற வீடு இங்கேருந்து பதினைஞ்சு நிமிஷம். உங்க பவளக் கடை அதைவிடத் தூரம்."

"அந்த வீடியோவை அழிச்சிடு."

"நிக்காஹ் ஆன மறுநாள் அழிச்சிடறேன்."

"மிரட்டுறியா?"

"சேச்சே. சொட்டுச் சொட்டாப் பழக்கறேன். திடுதிப்புனு மாத்தினா உசிருக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவர் போனை எடுத்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இப்படிப் பேசினார்:

"தம்பி, கரி வாங்கிட்டு வரேன்னியே, வாங்கியாச்சா?… இன்னுமா வாங்கல? ஆபீஸ் முடிஞ்சதும் வா. இருநூறு லிட்டர் தண்ணி மாத்தணும், எனக்கு இடுப்பு பிடிக்கும். குளிச்சிட்டு வா. வாசனை சோப்பு போடாதே."

மூன்று மணிக்கு மிஷாரி வந்தான். ஒரு மூட்டைக் கரி, தோள் வரை நீண்ட ரப்பர் கையுறை, சோப்பே காணாத முகம். லுல்வா வேலை முடிந்து வந்தபோது, அவள் யுப்பா உப்பு அளக்க, அவன் வாளி தூக்கிக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா," என்றார் யாகூப் திரும்பிப் பார்க்காமல். "தீனி எப்படிக் கொடுக்கிறதுன்னு இவனுக்குச் சொல்லிக் கொடு. வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வந்துதான் ஊட்டணும். எல்லா வெள்ளிக்கிழமையும்."

நான்காம் நாள் சுத்தியல் பவளம் மெல்லக் கையை நீட்டியது. அது தலையாட்டியதால்தான் சம்மதித்தேன் என்று திவானியா நண்பர்களிடம் இன்றுவரை சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

நிக்காஹ் முடிந்து பதினொரு மாதம் ஆகிறது. வீடியோவை அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். என் அக்காமார் வந்து, ஒற்றை மனைவியோடு வாழும் உத்தமர் என்று அவரைப் புகழ ஆரம்பிக்கும்போது மட்டும், போனை எடுத்துக்கொண்டு அவர்களைச் சமையலறைக்குக் கூப்பிடுகிறேன்.