பதினொரு வருடத் தண்ணீர்

தெருவின் கடைசி வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்த்தவர்களுக்குப் பதினொரு வருடத்துக்கு முந்தைய முகம் தெரிந்தது. அன்று அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களும் சேர்ந்தே தெரிந்தார்கள். போன வருடம் ஒரு மழைக்குப் பிறகு இது தொடங்கியது. வழுக்கை விழுந்த தபால்காரர் கடிதமே இல்லாத நாட்களிலும் சீப்போடு வந்து குனிந்து, இல்லாத முடியை நிதானமாக வாரிக்கொண்டு போனார். தையற்காரம்மா கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாத தன் முகத்தை வாரம் ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போவாள். தண்ணீரில் லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தது உண்மைதான். இளமையைச் சும்மா காட்டுகிற தண்ணீரைப் பற்றிப் புகார் எழுத யாருக்கு மனசு வரும்? தெருவில் ஒருவருக்கும் வரவில்லை.

அந்த வீட்டுக்காரர் தெருமுனைப் பெட்ரோல் பங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரத்தம் கெட்டு இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் தினமும் சவரம் செய்துகொண்டு, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். உள்ளே, மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி பங்கின் அடிபம்பில் கையேந்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். குடித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்ப்பாள், பிறகு மறுபடி குனிந்து குடிப்பாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க ஒரு பெண் வந்தாள். தெரு அவளுக்கு மண்ணு மேடம் என்று பெயர் வைத்தது. பங்கிலிருந்து கடைசி வீடு வரை எட்டு இடங்களில் துளை போட்டு, குழாய் இறக்கி, கயிற்றில் கட்டிய கண்ணாடிக் குழலால் தண்ணீரை மொண்டு பார்த்தாள். முதல் குழாய்த் தண்ணீரின் மேல் விரல் தடிமனுக்கு எண்ணெய் மிதந்தது; அதில் அன்று காலை கதவில் இடித்துக்கொண்ட வீக்கத்தோடு அவள் முகம் தெரிந்தது. நான்காவதில் மூக்குக்கண்ணாடி இல்லை. எட்டாவதில் கல்லூரிக் காலத்து இரட்டைப் பின்னல். அவள் அலட்டிக்கொள்ளாமல் தூரத்தையும் முகத்தின் வயதையும் வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டாள். போன வருடம்தான் கசிவு என்று கம்பெனி சொன்னது பொய், பதினொரு வருடமாக ஒழுகுகிறது என்று கோடு காட்டியது.

"அப்போ நீங்கதானே சார் மேனேஜர்?" என்று கேட்டாள்.

"தினமும் தொட்டிக்குள்ள அளவுகுச்சி விட்டுப் பார்த்தேன் மேடம். வித்ததுக்கு மேல ஒரு சொட்டு குறையல," என்றார் அவர்.

அது உண்மைதான். ஆனால் குச்சியின் நுனியில் ஒரு பசை தடவ வேண்டும்; பூமிக்கடியில் இருக்கும் பெட்ரோல் தொட்டியில் தண்ணீர் இருந்தால் அது சிவந்து காட்டிவிடும். பசை ஒருநாள் தீர்ந்துபோனது. ரெண்டு நாளில் வந்துவிடும் என்று வெறும் குச்சியை விட்டார். அந்த ரெண்டு நாள் அவர் ஓய்வு பெறும்வரை நீண்டது. தொட்டியிலிருந்து எண்ணெய் ஒழுகின அளவுக்கு நிலத்துத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது, குச்சி எப்போதும் நல்ல சேதியே சொன்னது. சில வண்டிகள் திணறி நின்றபோது மெக்கானிக்குகள் திட்டு வாங்கினார்கள்.

மறுநாள் காலை, ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மகள் கிணற்றில் வாளி இறைத்துக் கையேந்திக் குடித்தாள். கீழே தண்ணீருக்குள் அவள் அம்மாவும் அதே நேரம் குனிந்து குடித்தாள். இருவரும் ஒன்றாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அவர் வாளியை எட்டி உதைத்தார்.

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு? ஒரு வருஷமா இதைத்தானே குடிக்கிறோம்!"

அவர் செருப்புகூடப் போடாமல் பங்குக்கு ஓடி, மண்ணு மேடத்திடம் பசை விஷயத்தைச் சொன்னார். அந்த அடிபம்புத் தண்ணீரால் தன் மனைவியைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுதார். அழுது முடித்ததும், "சுத்தம் பண்ணா அவ போயிடுவாளா மேடம்?" என்று கேட்டார். அவள், "தெரியல சார். ஆனா பண்ணித்தான் ஆகணும்," என்றாள்.

தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள். கிணற்றைக் கான்கிரீட்டால் மூடினார்கள். தெருவே ஒரே நாளில் கிழடாகிவிட்டது என்று தபால்காரர் புலம்பினார். வேறு தண்ணீர் குடித்து மகளுக்குக் குழந்தை பிறந்தது, இருவருக்கும் மாதாமாதம் ரத்தம் சோதித்தார்கள், குறை ஒன்றும் இல்லை. எட்டாவது குழாயை மட்டும் விட்டுவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்தார்கள். அவர் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சவரம் செய்த முகத்தோடு வந்து நிற்பார். மண்ணு மேடம் குழலை அவரிடம் நீட்டிவிட்டுப் படிவத்தில் எழுதுவாள்: வாடை, லேசாக. எண்ணெய்ப் படலம், இல்லை. மனைவி, உண்டு. அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு திருத்தம் வந்தது, கடைசி விவரத்துக்குத் தனிக் கட்டம் போடச் சொல்லி. தண்ணீர் தெளியத் தெளிய மனைவி மங்கிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது முறை குழலில் அவரும் பேத்தியும் மட்டும், இப்போதைய வயதிலேயே, தெரிந்தார்கள். அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லைன்னு எழுதிடுங்க மேடம்," என்றார்.

"அப்படி எழுதக் கூடாது சார். கருவி காட்டுற அளவுக்குக் கீழன்னுதான் எழுதணும். இல்லைன்னு அர்த்தம் கிடையாது, எங்களால அளக்க முடியலைன்னுதான்."

அப்படியே எழுதினாள். அலுவலகம் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டது.