ஷில்லிங் பக்கத்தில் ஏழாவது கடை

பிரிஸ்டலில் டாலோ தெருவில் சனிக்கிழமை மாலை உலாத்துகிறவர்களுக்கு இரண்டு பக்கம். என்னைப் போன்ற கப்பல்துறைக் கூலிகளுக்குப் பென்னிப் பக்கம், குமாஸ்தாக்களுக்கு ஷில்லிங் பக்கம். யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எவனும் கடக்க மாட்டான். என் மனைவி ஐவி ஷில்லிங் பக்கத்துத் துணிக்கடையில் ரிப்பன் விற்றாள். கடை அடைக்கும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன மானமோ, கண்ணராவி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் ஜெர்மன் குண்டு விழுந்த ஞாயிறன்று ஐவி அந்தக் கடையின் நிலவறையில் ஒதுங்கினாள். உடல் கிடைக்கவில்லை. பிரிஸ்டல் நகரசபை இடிபாட்டை வாரிக் கொட்டியது. தேவாலயமும் நடைபாதைக் கற்களும்தான் மிச்சம். தேவாலயத்திலிருந்து ஏழாவது கடை என்று, கடைக்கு இருபது அடியாக எண்ணி, எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் பூ வைத்தேன். அலுத்துப்போயிற்று. விடவும் முடியவில்லை.

இன்று கார் நிறுத்துவதற்காகத் தார் போடுகிறார்கள். என் கதையைக் கேட்டு மேஸ்திரி ஹாப்ஸ் இரக்கப்பட்டார்.

"ஒரே ஒரு கல்ல தார் போடாம விடுறேன். மேல கேட்டா நான் பாத்துக்கிறேன். எங்கன்னு காட்டுங்க."

காட்டினேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கிட்டே வந்தார். ஷில்லிங் பக்கத்தில் கடை வைத்திருந்த ஸ்டான்லி பிளிஸ்.

"அது என் புகையிலைக் கடைப்பா. துணிக்கடை அதுக்கு அடுத்தது."

"ஏழாவதுதாங்க. எத்தன சனிக்கிழமை எதிர்ல நின்னு எண்ணியிருக்கேன்."

"எதிர்லதானே நின்ன? டிராம் நிறுத்தக் கொட்டகை என் கடைய மறைச்சிருக்கும், அத எண்ணாம விட்டிருப்ப. ஒருநாளாவது இந்தப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

எட்டு வருஷமும் வேறெங்கோ பூ வைத்திருக்கிறேன்.

"அப்ப, பூ வச்சது நீதானா?" அவர் குரல் இறங்கியது. "என் தம்பி லெனர்ட் அங்கதான் செத்தான். திங்கக்கிழமைதோறும் வந்து பாப்பேன், பூ இருக்கும். அவன நெனைக்க இன்னொரு ஜீவன் இருக்குன்னு நெனச்சேன்."

நான் தொப்பியைக் கழற்றினேன்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றார் ஹாப்ஸ். "ரோலர் வந்துடுச்சு. ஒரு கல்லுதான்."

லெனர்டுக்கே விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை. அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும்.

"அடுத்த கடை," என்றேன்.

ஸ்டான்லியே அடி வைத்து அளந்து போய் ஒரு கல்லின் மேல் நின்றார். "இதான் உன் வீட்டுக்காரி கடை வாசல்," என்றார். ரோலர் அவர் தம்பி மேல் ஏறிப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.